சாலமண்டர் கணக்கெடுப்பு: ரோட்டுல செத்துக் கிடக்கறதையும் எழுதித்தான் ஆகணுமா?

நாஷுவா வாசி எழுதியது (மார்ச் 11, இரவு 9:20)

வணக்கம் மக்களே. நாங்க அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்ல இருக்கோம். இங்க பனி உருகி முதல் மழை பெய்யற ராத்திரிகள்ல காட்டுக்குள்ள இருந்து சாலமண்டரும் (பல்லி மாதிரி வாலோட, ஆனா ஈரத் தோலோட இருக்கற ஜீவன்) தவளையும் முட்டை போட குட்டைக்கு கிளம்பும், நடுவுல ரோடு வரும், வண்டியில அடிபடும், அதனால ஊர்க்காரங்க டார்ச் எடுத்துட்டு போய் எண்ணி எழுதி கையில தூக்கி அந்தப் பக்கம் விடுவாங்க. இந்த வருஷம் நானும் நாலாவது படிக்கற என் பொண்ணும் பேர் குடுத்துருக்கோம். ட்ரெய்னிங் ஆன்லைன்ல முடிஞ்சுது, ஃபார்மும் வந்துருச்சு.

ஒரு விஷயம்தான் உறுத்துது. ஃபார்ம்ல ஒவ்வொரு இனத்துக்கும் ரெண்டு கட்டம் இருக்கு, உயிரோட எத்தனை, செத்தது எத்தனைன்னு. செத்ததை ஒவ்வொண்ணா குனிஞ்சு பாத்து என்ன இனம்னு கண்டுபிடிச்சு எழுதணுமாம். அந்த நேரத்துல உயிரோட இருக்கற இன்னும் நாலை தூக்கி விடலாமே? அதுவும் இல்லாம சின்னப் பொண்ணை வெச்சுகிட்டு நசுங்கினதை எண்ணிட்டு இருக்கணுமான்னு வீட்டுல கேக்கறாங்க. நிறைய வருஷமா போறவங்க யாராவது சொல்லுங்க. எந்த ராத்திரி கிளம்பணும், என்ன எடுத்துட்டு போகணும்னும் சொன்னா நல்லா இருக்கும்.

கணக்குப்பிள்ளை எழுதியது (மார்ச் 11, இரவு 10:05)

வாங்க. நான் மேற்கு மாசசூசெட்ஸ் பக்கம். நேரடியாவே சொல்லிடறேன், அந்த ரெண்டாவது கட்டம்தான் முக்கியம். நீங்க கையில தூக்கி விடற ஒவ்வொண்ணும் அந்த ஒரு ராத்திரிக்கு தப்பிக்குது, அடுத்த மழைக்கு அதே ரோட்டை தாண்டி திரும்பி வரணும், அடுத்த வருஷமும் வரணும். மஞ்சப்புள்ளி சாலமண்டர் 20 வருஷத்துக்கு மேல வாழக்கூடியது, அத்தனை வருஷமும் அதே குட்டைக்குத்தான் போகும். நீங்க அத்தனை ராத்திரியும் அங்க நிக்க முடியாது. ரோட்டை மூடணும் இல்ல அடியில சுரங்கம் போடணும், அதுக்கு ஊர் நிர்வாகத்துகிட்ட போனா அவங்க முதல்ல கேக்கறது "எத்தனை சாகுது, எந்த இடத்துல சாகுது?" அப்போ உயிரோட தூக்கினதை மட்டும் காட்டினா "அதான் தூக்கி விடறீங்களே, அப்புறம் என்ன"ன்னு முடிச்சுடுவாங்க.

எத்தனை செத்தா ஆபத்துன்னு ஒரு கணக்கு இருக்கு. 2005ல கிப்ஸ், ஷ்ரைவர்னு ரெண்டு பேர் போட்ட ஆய்வு. ஒரு குட்டையோட வளர்ந்த மஞ்சப்புள்ளி சாலமண்டர்ல வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ரோட்டுல செத்தா நாளடைவுல அந்த இடத்துல இனமே அத்துப் போகலாம்னு வந்துச்சு. மத்திய, மேற்கு மாசசூசெட்ஸ்ல மட்டும் 22ல இருந்து 73 சதவீதம் வரைக்கும் கூட்டங்கள் அந்த அளவு ஆபத்துல இருக்குன்னும் கணிச்சிருந்தாங்க. 10 சதவீதம்னா பாக்க சின்ன நம்பர், ஆனா இதுங்க மெதுவா வளர்ற ஜீவன், பொட்டை முட்டை போடற வயசுக்கு வரவே மூணு வருஷத்துக்கு மேல ஆகும், சிலது வருஷம் விட்டு வருஷம்தான் குட்டைக்கு வரும். அப்படிப்பட்டதுல பெரிய பொட்டை ஒண்ணு சாகறது சாதாரண இழப்பு இல்ல.

இன்னொண்ணு, அதை அந்த ராத்திரியே எழுதணும். விடிஞ்சதும் பாத்துக்கலாம்னா காக்கா, ரக்கூன் எல்லாம் தூக்கிட்டு போயிடும், மழை கழுவிடும், பின்னாடி வர்ற வண்டி அரைச்சு அடையாளமே இல்லாம பண்ணிடும். காலைல எண்ணினா ரோடு சுத்தமா இருக்கும், யாருமே சாகலைன்னு ரெக்கார்ட் ஆயிடும்.

மேப்பிள் மாமி எழுதியது (மார்ச் 11, இரவு 11:48)

நாஷுவா தம்பி, நல்ல வேலைக்கு பேர் குடுத்துருக்கே, குழந்தையை கண்டிப்பா கூட்டிண்டு போ. எந்த ராத்திரின்னா, மூணு விஷயம் ஒண்ணு சேரணும். தரை உறைஞ்சு இருக்கக் கூடாது, பொழுது சாஞ்சப்புறம் மழையோ நல்ல ஈரமோ இருக்கணும், குளிர் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல இருக்கணும், அதாவது செல்சியஸ்ல நாலஞ்சு. 45க்கு மேல போயி கொட்டற மழையும் இருந்துதுன்னா அன்னிக்குத்தான் இங்க எல்லாரும் "பிக் நைட்"டுன்னு சொல்ற ராத்திரி. பேர்தான் ஒரு ராத்திரி, வருஷத்துக்கு ரெண்டு மூணு வரும், சில வருஷம் சின்னச் சின்னதா பிரிஞ்சு வரும். மார்ச் நடுவுல இருந்து ஏப்ரல் பாதி வரைக்கும் தினம் சாயந்திரம் வானிலை பாத்துண்டே இருக்கணும்.

எடுத்துண்டு போக வேண்டியது: ரிஃப்ளெக்டிவ் வெஸ்ட், உனக்கும் குழந்தைக்கும், இது இல்லாம ரோட்டுல காலே வைக்காதே. ஹெட்லாம்ப் ஆளுக்கு ஒண்ணு, கையில ஒரு டார்ச். மழையில நனையாத பேப்பர் விக்கறான், இல்லேன்னா ஃபார்மை ஜிப்லாக் கவர்ல போட்டு பென்சிலால எழுது, பேனா வேலைக்கே ஆகாது. சின்னத் தவளையை அள்ள பிளாஸ்டிக் கரண்டி. வெதர் ஆப்ல இருக்கற டெம்பரேச்சரும் ரோட்டுல இருக்கறதும் ஒண்ணு இல்லே, ஒரு தெர்மாமீட்டர் வெச்சுக்கோ.

கையில லோஷன், கொசு மருந்து, சானிடைசர் எதுவும் இருக்கப்படாது. அதோட தோல் வழியா எல்லாம் உள்ள போயிடும். கையை மழைத் தண்ணியில நனைச்சுண்டுதான் தொடணும். வாலைப் பிடிச்சு தூக்கக் கூடாது, வயித்துக்கு அடியில கையை குடுத்து மொத்தமா தூக்கணும். அது எந்தப் பக்கம் பாத்து போயிண்டு இருந்துதோ அந்தப் பக்கம்தான் விடணும், குட்டை எங்க இருக்குன்னு நமக்கு தெரியும்னு நாமளா முடிவு பண்ணி திருப்பி விடறது தப்பு.

குழந்தைக்கு செத்தது காட்டலாமான்னு கேட்டே. என் பேரன் அஞ்சு வயசுல இருந்து வரான். செத்ததை அவன்தான் எழுதுவான். கஷ்டமா இருக்கும், வீட்டுக்கு வந்து கேள்வி கேப்பான், பதில் சொல்லணும். மறைச்சு வெச்சா ரோடுன்னா என்னன்னு அதுக்கு எப்போ தெரியும்? ஆனா வண்டி வேகமா வர்ற ரோடுன்னா சின்னக் குழந்தை வேண்டாம், அமைதியான தெருவா பாத்து கேட்டு வாங்கிக்கோ.

சேத்துக்கால் எழுதியது (மார்ச் 12, காலை 7:30)

நான் ஒரு யுனிவர்சிட்டி லேப்ல குட்டை வேலை பாக்கறேன், அந்தப் பக்கத்துல இருந்து ஒரு மாறுபட்ட கருத்து. கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னதுல முக்கால்வாசி சரி, ஆனா ரோட்டு எண்ணிக்கையை வெச்சு "இந்த வருஷம் சாலமண்டர் கூடிருக்கு, குறைஞ்சிருக்கு"ன்னு யாரும் சொல்லக் கூடாது. மழை எத்தனை மணிக்கு பெஞ்சது, எத்தனை பேர் வந்தாங்க, எவ்வளவு தூரம் நடந்தாங்க, இதை பொறுத்து நம்பர் தலைகீழா மாறும். ஒரு வருஷம் ஒரே ராத்திரியில எல்லாம் வந்துடும், இன்னொரு வருஷம் அதே கூட்டம் நாலு தூறல்ல பிரிஞ்சு யார் கண்ணுலயும் படாம போயிடும்.

குட்டையில எத்தனை இருக்குன்னு தெரியணும்னா முட்டைக் கொத்து எண்ணணும் இல்ல தடுப்பு வேலி போடணும். முட்டைக் கொத்து எண்றது சுலபமான வழி. ஏப்ரல்ல பகல் வெளிச்சத்துல போலரைஸ்டு கண்ணாடி போட்டுகிட்டு குட்டையை சுத்தி மெதுவா நடந்து எண்றது. வுட் ஃப்ராக் ஒரு பொட்டைக்கு ஒரு கொத்து, அதனால கணக்கு நேரா வரும். மஞ்சப்புள்ளி சாலமண்டர் ஒரு பொட்டை ரெண்டுல இருந்து நாலு கொத்தா பிரிச்சு போடும், அதை மனசுல வெச்சு வகுக்கணும். ரெண்டையும் பிரிச்சு பாக்கறதும் ஈசி. தவளை முட்டைக்கு வெளிய உறை கிடையாது, மேல்பக்கம் கரடுமுரடா இருக்கும். சாலமண்டரோடது முட்டைகளை சுத்தி தனியா ஒரு கெட்டியான ஜெல்லி, நுங்கு மாதிரி விறைப்பா நிக்கும். சிலது கண்ணாடியா தெளிவா இருக்கும், சிலது பால் வெள்ளை. நாள் ஆக ஆக உள்ள பச்சையாகும். ஒரு வகை பாசி முட்டைக்குள்ளயே வாழுது, அது ஆக்ஸிஜன் குடுக்குது, கரு விடற கழிவை அது எடுத்துக்குது. அந்தப் பாசி கருவோட செல்லுக்குள்ளயே போய் உக்காருதுன்னு 2011ல ஒரு பேப்பர் வந்துச்சு, முதுகெலும்பு உள்ள உயிர்ல இப்படி ஒண்ணை அதுக்கு முன்னாடி யாரும் பாத்ததில்ல.

தடுப்பு வேலின்னா கட்டடம் கட்டற இடத்துல மண்ணு ஓடாம இருக்க கட்டுவாங்களே கருப்பு துணி, அதையே குட்டையை சுத்தி அடிப்பக்கம் மண்ணுல புதைச்சு நிறுத்தி, வேலிக்கு ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா வாளியை தரை மட்டத்துக்கு புதைக்கறது. வெளிப்பக்க வாளியில விழுந்தது குட்டைக்கு வந்தது, உள்பக்க வாளியில விழுந்தது குட்டையில இருந்து கிளம்பினது. உள்ள ஈர ஸ்பாஞ்சு போடணும் காய்ஞ்சு போகாம இருக்க, எலியும் மூஞ்சூறும் ஏறி தப்பிக்க ஒரு குச்சி வைக்கணும், தினமும் காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வாளியையும் பாத்தே ஆகணும், போக முடியாத நாள்ல மூடி போட்டுடணும். மாநில வனவிலங்கு துறை பெர்மிட் இல்லாம இதை செய்யக் கூடாது, ஆர்வத்துல யாரும் தோண்டிடாதீங்க.

கோவை குயில் எழுதியது (மார்ச் 12, காலை 8:02)

படிக்க படிக்க ஆச்சரியமா இருக்குங்க. பாக்க அரணை சைஸ்ல இருக்குமா? நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில இது இருக்குதுங்களா?

வால்பாறை மழை எழுதியது (மார்ச் 12, காலை 9:15)

இல்லைங்க, தமிழ்நாட்டுல சாலமண்டர் ஒரு இனம் கூட கிடையாது. இந்தியாவுல வடக்கே டார்ஜிலிங் மாதிரி இமயமலை பக்கத்து குட்டைகள்லயும் வடகிழக்குலயும்தான் இருக்கு. நம்ம மலையில தவளைகளும், கால் இல்லாத சிசிலியன்களும்தான் நிலத்துலயும் நீர்லயும் வாழறது. அரணைக்கு செதில் உண்டு, ஊர்வன. இது வழவழன்னு ஈரத் தோல். மஞ்சப்புள்ளி 15ல இருந்து 25 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும், கருப்பு உடம்புல ரெண்டு வரிசை மஞ்சப் பொட்டு.

ஆனா ரோட்டு சாவு கணக்கு நமக்கும் புதுசு இல்ல. மழைக்காலத்துல ஆனைமலை எஸ்டேட் ரோட்டுல ராத்திரி நடந்தா தவளையும் சிசிலியனும் நசுங்கி கிடக்கறதை பாக்கலாம். சத்தியமங்கலம் திம்பம் மலைப்பாதையில 2022 பிப்ரவரியில இருந்து ராத்திரி வண்டிக்கு தடை வந்துச்சு இல்லையா, ஹைகோர்ட்டுல அந்த வழக்கு நடந்தப்போ வண்டியில அடிபட்டு செத்த விலங்குகளோட கணக்கைத்தான் எடுத்து வெச்சு பேசினாங்க. யாரோ ராத்திரியில குனிஞ்சு பாத்து எழுதி வெச்சதாலதான் அந்தக் கணக்கு இருந்துச்சு. நாஷுவா அண்ணா, எழுதுங்க.

ராத்திரி ஷிஃப்ட் எழுதியது (மார்ச் 13, இரவு 1:10)

எல்லாரும் பாசிட்டிவா பேசறீங்க, எனக்கு இதுல நியாயமான சந்தேகம் இருக்கு. தன்னார்வலர்கள் எல்லாரும் கார்லதான் வர்றாங்க. அதே மழை ராத்திரி, அதே ஈர ரோடு. உங்க டயர்ல எத்தனை சாகுது? அப்புறம் பத்து பேர் ஹெட்லாம்ப் போட்டுகிட்டு காட்டோரம் மிதிச்சு நடந்தா இலைக்கு அடியில இருக்கறது மேல காலு படாதா? குட்டிக் குட்டி ஸ்ப்ரிங் பீப்பர் தவளை ஒரு கட்டை விரல் நகம் சைஸ்ல இருக்கும், கண்ணுக்கே தெரியாது. அந்த ராத்திரி எல்லாரும் வீட்டுலயே இருந்தாலே பாதி பிரச்சனை தீருமே. ரோட்டை மூடறதை விட்டுட்டு இப்படி வருஷா வருஷம் தூக்கி விட்டுட்டு இருக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

கணக்குப்பிள்ளை எழுதியது (மார்ச் 13, காலை 6:40)

ஷிஃப்ட் அண்ணே, நீங்க கேட்டது சரியான கேள்வி, அதனால விவரமாவே எழுதறேன்.

கார் விஷயம்: இருட்டறதுக்கு முன்னாடி போய் சேரணும், கடக்கற இடத்துல இருந்து தள்ளி நிறுத்தணும், முடிஞ்ச வரைக்கும் ஒரே கார்ல நாலு பேர் போகணும், திரும்பும்போது ஒருத்தர் முன்னாடி இறங்கி நடந்து ரோட்டை பாத்துகிட்டே போக காரு பின்னாடி ஊர்ந்து வரணும். வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு இடம் கிடைச்சா அதுதான் முதல் சாய்ஸ். காட்டோரத்துல இறங்கி தேட வேண்டியதே இல்ல, ரோட்டுல மட்டும் நடந்தா போதும், காலு வைக்கறதுக்கு முன்னாடி லைட் அடிக்கணும்.

ரோட்டை மூடறதுதான் நல்லதுன்னு சொன்னீங்க, நூத்துக்கு நூறு ஒத்துக்கறேன். நியூ ஹாம்ப்ஷயர்ல கீன் ஊர்ல நார்த் லிங்கன் ஸ்ட்ரீட்டை பெரிய ராத்திரிகள்ல மூடறாங்க. நியூ ஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்ல பீக்மன் ரோடு மூடறாங்க. மிச்சிகன்ல மார்க்கெட்ங்கற (Marquette) ஊர்ல ப்ரெஸ்க் ஐல் பார்க்குக்குள்ள போற பீட்டர் ஒயிட் டிரைவை 2020ல இருந்து வசந்த காலத்துல ராத்திரி 8ல இருந்து காலைல 8 வரைக்கும் வண்டிக்கு மூடறாங்க, அங்க நீலப்புள்ளி சாலமண்டர். அது எப்படி நடந்துச்சுன்னா, நார்தர்ன் மிச்சிகன் யுனிவர்சிட்டில படிச்ச ஒரு மாணவர் அந்த ரோட்டுல செத்துக் கிடந்ததை எண்ணி ஊர் நிர்வாகத்துகிட்ட கொண்டு போனாரு. செத்ததோட கணக்குதான் அந்த ரோட்டை மூட வெச்சுது.

மூட முடியாத ரோடுன்னா சுரங்கம். மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட்ல ஹென்றி ஸ்ட்ரீட்டுல 1987ல ரெண்டு குட்டி சுரங்கம் போட்டாங்க, அமெரிக்காவுல சாலமண்டருக்குன்னு போட்ட முதல் சுரங்கம் அதுதான். மேல்பக்கம் இடைவெளி விட்டு வெளிச்சமும் மழையும் உள்ள இறங்கற மாதிரி செஞ்சது, ஏன்னா காய்ஞ்ச இருட்டுக் குழாய்க்குள்ள இதுங்க போகத் தயங்கும். ஆரம்பத்துல கண்காணிச்சப்போ சுரங்க வாய்க்கு வந்து சேர்ந்ததுல ஏறக்குறைய நாலுல மூணு பங்கு உள்ள போய் அந்தப் பக்கம் வந்துச்சு. சுரங்கம் மட்டும் போட்டா போதாது, அதுக்கு வழி காட்டற வேலியை வருஷா வருஷம் சரி பண்ணணும், இலை அடைச்சா எடுக்கணும்.

வெர்மான்ட்ல மாங்க்டன் ஊர்ல நடந்ததை எல்லாரும் படிக்கணும். அங்க ஒரு ரோட்டுல பல வருஷம் ஊர்க்காரங்க நின்னு எண்ணினாங்க, அந்த கணக்கை வெச்சு நிதி கேட்டு 2015ல ரெண்டு சுரங்கம் வந்துச்சு. போடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எண்ணின எண்ணிக்கையை ஒப்பிட்டு சமீபத்துல வெளியிட்டாங்க, நிலநீர் வாழ்விகளோட சாவு 80 சதவீதம் குறைஞ்சிருக்கு. சுரங்கத்துக்கு வழி காட்டற சுவர்ல ஏறிடற சின்னத் தவளைகளை விட்டுட்டு பாத்தா 94 சதவீதம். இந்த நம்பர் எப்படி வந்துச்சு? முன்னாடி செத்ததை யாரோ எழுதி வெச்சிருந்தாங்க. அது இல்லேன்னா சுரங்கம் வேலை செய்யுதுன்னு இன்னொரு ஊருக்கு நிரூபிக்கவே முடியாது.

அதனால தூக்கி விடறதா, ரோட்டை மூடறதான்னு இதை ரெண்டு கட்சியா பாக்காதீங்க. தூக்கி விடப் போறவங்கதான் மூட வைக்கற ஆதாரத்தை எழுதறாங்க.

டொராண்டோ தம்பி எழுதியது (மார்ச் 13, மதியம் 12:25)

எங்க பக்கத்துலயும் உண்டு அண்ணா. ஒன்டாரியோ பர்லிங்டன்ல கிங் ரோட்டோட ஒரு பகுதியை 2012ல இருந்து வசந்தத்துல சில வாரத்துக்கு மொத்தமா மூடறாங்க, பகல் ராத்திரி எல்லாம். ஜெஃபர்சன் சாலமண்டருக்காக. ஒன்டாரியோல அது அழியும் நிலையில இருக்கற இனம். அக்கம்பக்கத்து ஜனங்க சுத்தி போறாங்க, பழகிட்டாங்க.

ஒரு கேள்வி. ஜெஃபர்சனும் நீலப்புள்ளியும் ஒண்ணுக்கொண்ணு கலந்து பொட்டையா மட்டுமே ஒரு கூட்டம் இருக்குன்னு படிச்சேன், ஃபார்ம்ல அதை எப்படி எழுதுவீங்க?

சேத்துக்கால் எழுதியது (மார்ச் 13, மாலை 5:50)

தம்பி, கண்ணால பாத்து பிரிக்க முடியாது, "ஜெஃபர்சன் / நீலப்புள்ளி கூட்டம்"னு ஒரே வரியில எழுதிடுவோம், உறுதியா சொல்ல டிஎன்ஏ பாக்கணும். அந்தப் பொட்டை மட்டுமே உள்ள வம்சம் ஏறக்குறைய அஞ்சு மில்லியன் வருஷம் பழசு. பக்கத்துல இருக்கற வேற இன ஆணோட விந்துப் பொதியை எடுத்து முட்டை வளர்ச்சியை தூண்டிக்கும், சில நேரம் அதோட மரபணுவையும் சேத்துக்கும், பல நேரம் விட்டுடும். அந்த ஆண் இனம் அந்தக் குட்டையில அழிஞ்சா இதுவும் அழியும். அதனாலதான் ரோட்டுல சாகற ஒவ்வொரு ஆணும் கணக்குல வரணும்.

இதுவரைக்கும் யாரும் பூட்ஸ் பத்தி பேசல. நெதர்லாந்துல ஃபயர் சாலமண்டர் கூட்டம் கூட்டமா செத்துச்சு, 2013ல காரணம் கண்டுபிடிச்சாங்க, பீசால்னு சுருக்கமா சொல்ற ஒரு பூஞ்சை, தோலையே தின்னுடும். அமெரிக்காவுக்குள்ள அது வரக் கூடாதுன்னு 2016 ஜனவரியில 201 சாலமண்டர் இனங்களை இறக்குமதி பண்ண தடை போட்டாங்க. உலகத்துலயே அதிக சாலமண்டர் இனம் இருக்கறது அமெரிக்காவுலதான், இங்க வந்தா என்ன ஆகும்னு நினைக்கவே பயமா இருக்கு. அதனால ஒரு குட்டையில இருந்து இன்னொரு குட்டைக்கு போறதுக்கு முன்னாடி பூட்ஸ்ல இருக்கற சேத்தை பிரஷ் போட்டு தேய்ச்சு, ப்ளீச் கலந்த தண்ணியில கழுவி, நல்லா அலசி, காய வைங்க. ஒரே ராத்திரியில ரெண்டு மூணு இடம் ஓடாதீங்க. லேப்ல நாங்க ஒவ்வொரு உயிருக்கும் புது கையுறை மாத்தறோம்.

அப்புறம் ரோட்டு உப்பு. குளிர்காலம் பூரா கொட்டின உப்பு உருகற தண்ணியோட குட்டைக்கு போகுது. நியூயார்க் அடிரான்டாக்ஸ்ல ஹைவேல இருந்து 172 மீட்டர் தள்ளி இருக்கற குட்டையில கூட அந்த உப்பை கண்டுபிடிச்சிருக்காங்க. உப்பு ஏறினா முட்டைக் கொத்து தண்ணி இழந்து சுருங்கும், கரு சாகும். ரோட்டை தாண்டி பத்திரமா போய் சேந்தது கூட அங்க தோத்துப் போகுது. கணக்கெடுக்கற ஊர்க்காரங்க அந்த ஒரு தெருவுக்கு உப்பை குறைக்கச் சொல்லியும் கேக்கணும்.

நாஷுவா வாசி எழுதியது (ஏப்ரல் 1, இரவு 12:55)

இப்பத்தான் வந்தோம், தூக்கம் வரல, அதனால எழுதறேன். சாயங்காலம் அஞ்சு மணில இருந்து மழை, 46 டிகிரி. ஏழரைக்கு போய் நின்னோம், எட்டு வரைக்கும் ஒண்ணுமே இல்ல, குட்டை பக்கம் இருந்து வுட் ஃப்ராக் சத்தம் மட்டும் வந்துட்டே இருந்துச்சு, புதுசா கேக்கறவங்க வாத்துன்னுதான் நினைப்பாங்க. எட்டே காலுக்கு மேல ரோடு முழுக்க நகர ஆரம்பிச்சுருச்சு. பெரிய மஞ்சப்புள்ளி எல்லாம் அவசரமே இல்லாம ஒவ்வொரு காலா எடுத்து வெச்சு வருது, மழை நீர் முதுகுல வழியுது, அந்த மஞ்சள் டார்ச் வெளிச்சத்துல அப்படி ஒரு பளிச். பொண்ணு கையில ஒண்ணை வெச்சப்போ அது விரலை சுத்தி வாலை வளைச்சு பிடிச்சுது, அவ மூச்சு விடாம நின்னா.

வண்டி அதிகம் இல்ல, ஆனா வந்த ஒவ்வொண்ணும் எதையாவது அடிச்சுட்டுதான் போச்சு. நிறைய பேர் வெஸ்ட்டை பாத்து வேகத்தை குறைச்சாங்க, ஒருத்தர் நிறுத்தி என்னன்னு கேட்டு காரை திருப்பிகிட்டு வேற வழியா போனார். செத்ததை நான் குனிஞ்சு பாத்து சொல்ல சொல்ல பொண்ணு எழுதினா. முட்டையோட இருந்த ஒரு பொட்டை அடிபட்டு கிடந்துச்சு, அதை பாத்து அழுதா, அப்புறம் கண்ணை துடைச்சுகிட்டு "இதுக்கு தனி கட்டம் இருக்கா அப்பா?"ன்னு கேட்டா. இல்லைன்னு சொன்னேன். ஓரத்துல எழுதி வெச்சா. மேப்பிள் மாமி, நீங்க சொன்னது சரி, அவளை கூட்டிட்டு போனதுக்கு வருத்தமே இல்ல.

கேள்விகள்: ஆணா பொண்ணான்னு எப்படி பாக்கறது? செஞ்சிவப்பு முதுகோட ஒல்லியா ஒண்ணு ரோட்டோரத்துல நின்னுச்சு, அது குட்டைக்கு போறதா? செத்ததை எழுதினப்புறம் அப்படியே விடணுமா?

மேப்பிள் மாமி எழுதியது (ஏப்ரல் 1, காலை 6:15)

குழந்தைக்கு என் ஆசீர்வாதத்தை சொல்லு. செத்ததை எழுதினதும் ரோட்டை விட்டு ஓரத்துல தள்ளிடணும். அப்படியே விட்டா அடுத்த ரவுண்டு வர்றவா திரும்ப எண்ணிடுவா, அதை தின்ன வர்ற ஆந்தையோ ரக்கூனோ அடிபடும்.

சேத்துக்கால் எழுதியது (ஏப்ரல் 1, காலை 8:40)

சிவப்பு முதுகு சாலமண்டரா இருக்கும். அது குட்டைக்கே போகாது, நுரையீரலும் கிடையாது, தோல் வழியாத்தான் மூச்சு விடும், முட்டையை காட்டுல அழுகின மரத்துக்கு அடியில போட்டு பொட்டை காவல் இருக்கும். மழைக்கு இரை தேடி ரோட்டுக்கு வந்திருக்கும். அதையும் எழுதுங்க, தனி வரியில.

ஆண் பெண்: இந்த சீசன்ல ஆணுக்கு வாலோட அடியில மலவாய் பக்கம் நல்லா வீங்கி இருக்கும், பொட்டைக்கு வயிறு உருண்டு நிக்கும். இதுக்காக திருப்பிப் போட்டு பாக்காதீங்க, தூக்கும்போது தெரிஞ்சா போதும். ஆண்கள்தான் முதல்ல கிளம்பும், பொட்டை கொஞ்ச நாள் பின்னாடி. ஆணுங்க குட்டையில கூட்டமா சுழன்டு சுழன்டு அடிமண்ணுல இருக்கற இலை மேல வெள்ளையா விந்துப் பொதிகளை வெச்சுட்டு போகும், பொட்டை வந்து எடுத்துக்கும். உங்க பொண்ணு ஓரத்துல எழுதினதை அழிச்சுடாதீங்க, முட்டையோட செத்த பொட்டைன்னு தெரிஞ்சா எங்களுக்கு ரொம்ப உபயோகம்.

முடிஞ்சா உயிரோட இருக்கறதை மேல இருந்து நேரா ஒரு போட்டோ எடுங்க. முதுகுல இருக்கற மஞ்சப்புள்ளி ஒவ்வொண்ணுக்கும் வேற வேற அமைப்பு. அடுத்த வருஷம் அதே ஆள் திரும்ப வந்துச்சான்னு போட்டோவை வெச்சே கண்டுபிடிக்கலாம், உடம்புல எந்த அடையாளமும் போட வேண்டியதில்ல.

ராத்திரி ஷிஃப்ட் எழுதியது (ஏப்ரல் 1, மாலை 4:30)

அந்த காரை திருப்பிகிட்டு போனவரை பத்தி படிச்சதும் ஒண்ணு தோணுச்சு. எங்க ஊர்ல குட்டையை ஒட்டி ஒரு ரோடு இருக்கு, ராத்திரி பத்து மணிக்கு மேல போறவங்க ரொம்ப கம்மி, மூடினா யாருக்கும் நஷ்டம் இல்ல. ஊர் கூட்டத்துல கேக்கலாம்னு இருக்கேன். என்ன கொண்டு போகணும், எப்ப ஆரம்பிக்கணும்?

கணக்குப்பிள்ளை எழுதியது (ஏப்ரல் 1, இரவு 8:10)

இன்னைக்கே ஆரம்பிங்க அண்ணே, சீசன் இன்னும் முடியல, திரும்பி வர்ற நடை பாக்கி இருக்கு. பொட்டைங்க முட்டை போட்டுட்டு சீக்கிரமே அடுத்த மழையில காட்டுக்கு திரும்பும், ஆணுங்க இன்னும் கொஞ்சம் இருக்கும். திரும்பற நடையை பாதி பேர் எண்றதே இல்ல.

எழுத வேண்டியது: ஆரம்பிச்ச நேரம், முடிச்ச நேரம், எத்தனை பேர், ரோட்டுல எந்த இடத்துல இருந்து எந்த இடம் வரைக்கும், டெம்பரேச்சர், மழை எப்படி, எத்தனை வண்டி போச்சு. வண்டி எண்ணிக்கையை விட்டுடாதீங்க, ஊர் கூட்டத்துல "எத்தனை வண்டிக்கு எத்தனை சாவு"ன்னு சொன்னாதான் காது குடுப்பாங்க. ஒவ்வொண்ணும் எந்தப் பக்கம் போச்சுன்னு அம்புக்குறி. எந்த கம்பத்து பக்கத்துல அதிகம்னு குறிச்சா மூட வேண்டிய துண்டு தூரம் எவ்வளவுன்னு தெரியும், முழு ரோடும் கேட்டா மறுப்பாங்க, முன்னூறு அடி கேட்டா யோசிப்பாங்க. போய் நின்னு ஒண்ணுமே வரலைன்னா அதையும் பூஜ்யம்னு எழுதுங்க, எந்த மாதிரி ராத்திரியில மூட வேண்டியதில்லைன்னு காட்ட அதுதான் ஆதாரம், நெருப்பு வண்டியும் ஆம்புலன்சும் போகணுமேன்னு கேக்கறவங்களுக்கு "வருஷத்துல சில ராத்திரிதான்"னு பதில் சொல்ல முடியும்.

நியூயார்க்ல இருந்தா ஹட்சன் பள்ளத்தாக்குல மாநிலமே 2009ல இருந்து நடத்தற கணக்கெடுப்பு இருக்கு, மெயின் (Maine) மாநிலத்துல "பிக் நைட்" குழு இருக்கு, கீன் பக்கம் ஹாரிஸ் சென்டர் ட்ரெய்னிங் குடுக்குது. நீங்க எந்த மாநிலம்னு சொல்லுங்க, அங்க எந்த ஃபார்ம் ஏத்துக்கறாங்கன்னு பாத்து அதே வடிவத்துல எழுத ஆரம்பிங்க, பின்னாடி மாத்தி எழுதற வேலை மிச்சம். வர்ற வெள்ளிக்கிழமை மழைன்னு போட்டிருக்கான், 44 டிகிரி. ஃபார்மை பிரிண்ட் எடுத்து வைங்க.